நாளை காலை எடுக்க வேண்டும்

எங்கள் ஓய்வு பெற்ற ஊழியர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டுப் பதினெட்டு நாளாகிறது. அன்றிலிருந்து தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது. எழுந்து போனால் அடுப்பிலும் ஒன்றும் இல்லை, கொடியில் எடுக்க வேண்டிய துணியும் இல்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச வராது. ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன். பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். ஒரே ஒரு சீட்டில் இருந்த நாலு வார்த்தையை மட்டும் நான் எழுதியபடியே விட வேண்டும். அது எது என்று போகப் போகத் தெரியும்.

செயலாளர் கேட்டது இதுதான்: “இப்பல்லாம் பேஷண்ட் கையில அச்சடிச்ச தாள் குடுத்துடறாங்க. என்னிக்கு என்ன பண்ணப் போறாங்கன்னு அதுலயே இருக்கு. உங்க காலத்துல எப்படிம்மா?” எங்கள் காலத்தில் சீட்டு இருந்தது. அந்தச் சீட்டைப் பற்றிச் சொன்னால் ஒரு பட்டாளத்துக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் இத்தனை நாள்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. என் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டினார். குதிரை செத்துப் போனது. வேறு வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. “இன்னொரு குதிரை வரட்டும்” என்று சொல்லிக்கொண்டே வீட்டில் இருந்தார். ஐம்பத்தெட்டில், எனக்கு இருபத்தொரு வயதில், திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போய், தாண்டி வந்து, முப்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

முதலில் கற்றுக்கொண்டதை நாலைந்து வரியில் சொல்லிவிடலாம். பெட்பேனை எடுத்துக்கொண்டு நடக்கும்போது மூடி சத்தம் போடக் கூடாது. ரப்பர் ஷீட்டை வெயிலில் காயப்போடக் கூடாது, வெடித்துவிடும். படுத்திருப்பவரைப் புரட்டும்போது தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் தள்ள வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் நாளைக்கு ஆபரேஷன் என்று சொல்லக் கூடாது. மூன்றாவது வருஷம் என்னை ஆண்கள் அறுவை வார்டில் போட்டார்கள். அன்றைக்கு முழுக்க அழுதேன்.

அந்த வார்டுக்கு ஏலியம்மா சிஸ்டர்தான் எல்லாம். மலையாளத்துக்காரர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். மார்பில் ஒரு கடிகாரத்தைத் தலைகீழாகக் குத்தியிருப்பார். யார் தப்புச் செய்தாலும் சத்தம் போட மாட்டார். அந்தக் கடிகாரத்தை நிமிர்த்தி மணி பார்ப்பார், அவ்வளவுதான். அதற்கே நாங்கள் ஆளுக்கு ஒரு வேலையைத் தேடி ஓடிவிடுவோம். நான் தலையைக் குனிந்துகொண்டே கட்டிலுக்குக் கட்டில் போவதைப் பார்த்துவிட்டு முதல் வாரமே கூப்பிட்டார்.

“ரெங்கம்மே, முகம் பாத்தா நாணம் வரும். நீ நம்பரப் பாரு. மூணாம் நம்பர், நாலாம் நம்பர். நம்பருக்கு மீசை கெடையாது.”

அதன் பிறகு எனக்கு வேலை வந்தது.

தான் பேசும் தமிழில் மலையாளம் கலந்துவிடுகிறது என்று சிஸ்டருக்கே தெரியும். அதனால் முக்கியமான உத்தரவை வாயால் சொல்ல மாட்டார், எழுதித் தருவார். தமிழ் எழுத்தை வேலைக்கு வந்தபின் கற்றுக்கொண்டவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. பழைய சார்ட்டின் பின்பக்கத்தை இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தரித்து வைத்திருப்பார். மாலை நாலு மணிக்கு, பார்வையாளர்கள் உள்ளே வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அடுத்த நாளுக்கான சீட்டுகளை என் கையில் வைத்துவிட்டுப் போவார். முத்து முத்தான எழுத்து, தந்தி மாதிரி சுருக்கம். ‘4 – கஞ்சி கூடாது.’ ‘9 – குளிக்கலாம்.’ ‘12 – நாளை வீடு.’ நான் எழுத்துக் கூட்டிப் படித்து இடுப்பில் செருகிக்கொள்வேன். வேலை முடிந்ததும் சீட்டை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். சீட்டில் என்ன இருக்கிறது என்பது எனக்கும் அவருக்கும்தான். நோயாளியிடம் படித்துக் காட்டும் வழக்கம் கிடையாது.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு நடந்த சண்டை நின்று நாலைந்து மாதம் இருக்கும். லால்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பட்டாளத்துக்காரரைக் கொண்டுவந்தார்கள். நடேசன் என்று பெயர். இருபத்தைந்து வயது இருக்கலாம். ஏழாம் நம்பர் கட்டில். சண்டையில் இடது முழங்காலுக்குக் கீழே அடிபட்டு, வடக்கே பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து, லீவில் ஊருக்கு வந்தவர். வாய்க்கால் கரையில் வழுக்கி விழுந்ததில் சேர்ந்த எலும்பு அதே இடத்தில் மறுபடி விட்டுப்போயிருந்தது. ஆறிய புண்ணும் திறந்துகொண்டது. பெரிய டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு, புண் இருந்த இடத்தில் மட்டும் ஜன்னல் மாதிரி சதுரமாக வெட்டிவிட்டார். “ஆறு வாரம் போகட்டும். கட்டைப் பிரிச்சுப் பாத்தாத்தான் எதுவும் சொல்ல முடியும்” என்றார். அதற்கு மேல் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.

அந்தத் தம்பிக்கு ஒரு இடத்தில் நிலை கொள்ளவில்லை. கால் அசையாது, அதனால் மற்றதெல்லாம் அசையும். மணி என்ன என்று கேட்பார். சொல்லி முடிப்பதற்குள் மறுபடி கேட்பார். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை வார்டில் யாரும் பேசக் கூடாது என்பது சட்டம். அந்த இரண்டு மணி நேரம்தான் அவருக்கு ஆகவே ஆகாது. கட்டில் கம்பியை ஸ்பூனால் தட்டுவார். ஆறாம் நம்பரில் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த வெங்காய மண்டி முதலாளி ஒருவர் இருந்தார்.

“பட்டாளத்தாரே, எதிரி எந்தப் பக்கம்யா வர்றான்? சொன்னா நானும் ஓடிப் பொழைச்சுக்குவேன். நீங்க தட்டுறதுல எனக்குத் தையல் பிரியுது.”

“சத்தமில்லாம இருந்தாத்தாங்க வருவான்” என்றார் நடேசன். முதலாளி சிரித்தார். நடேசன் சிரிக்கவில்லை.

நான் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் மணி பார்த்தார். பிறகு, “தூக்க மருந்து கொடுத்தா கண்ணுதான் உறங்கும். அந்தக் கைக்கு வேலை கொடு” என்றார். துவைத்துக் காய்ந்த கட்டுத் துணிகள் எங்களிடம் எப்போதும் குவிந்து கிடக்கும். அவற்றை மறுபடி சுருட்டி வைக்க வேண்டும். சும்மா சுருட்டினால் தொளதொளவென்று போய்விடும். தொடையில் வைத்து, இடது கையால் இழுத்துப் பிடித்து, வலது கையால் இறுக்கிக்கொண்டே போக வேண்டும். மத்தியானத்தில் நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு பக்கம் சுருட்டுவேன், அவர் கட்டிலில் இருந்து ஒரு பக்கம் சுருட்டுவார். அப்போதுதான் தாழ்ந்த குரலில் பேசுவார். நான் முகம் பார்க்க வேண்டியதில்லை, துணியைப் பார்த்தால் போதும். அதனால் என்னாலும் இரண்டு வார்த்தை கேட்க முடிந்தது.

“சண்டைய நிறுத்தப் போறாங்கன்னு முன்னாடியே சொல்லிட்டாங்கக்கா” என்று ஒரு நாள் ஆரம்பித்தார். “இத்தனை மணிக்குன்னு நேரம்கூட வந்துடுச்சு. அப்படின்னா என்ன பண்ணணும்? சும்மா இருக்கணும்ல? ரெண்டு பக்கமும் அதுவரைக்கும் சுடாததையெல்லாம் அப்பத்தான் சுட்டாங்க. வீட்டக் காலி பண்றப்போ சட்டி பானையப் போட்டு ஒடைக்கிறாப்புல. கரும்புக் கொல்லை பூரா தீ. அப்புறம் மணியாச்சு. நின்னுடுச்சு.”

“நல்லதாப் போச்சு.”

“நல்லதுதான். ஆனா அந்த அமைதி இருக்கே, காதுல பஞ்ச வச்சு அடைச்ச மாதிரி. பேசலாம்னு சொன்ன பொறவும் குசுகுசுன்னுதான் பேசினோம். ஒருத்தன் தும்மினான். அத்தனை பேரும் தரையில படுத்துட்டோம். அப்புறம் சிரிச்சோம் பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். ஒருத்தன் எந்திரிச்சு நின்னு பாத்தான். பதினெட்டு நாளா குனிஞ்சே நடந்தவன். நிமிந்து நின்னதும் தலை சுத்தி உக்காந்துட்டான்.”

“அப்புறம்?”

“அப்புறம் சண்டை முடிஞ்சிருச்சு.”

“அப்ப இந்தக் கால்ல பட்டது?”

அவர் கையில் துணி வேகமாகச் சுற்றியது. “அது முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு. நிறுத்தியாச்சுன்னு எல்லாருக்கும் சொன்னாங்க. மண்ணுக்குள்ள பொதைச்சு வச்சதுக்கு யாரும் சொல்லல.”

ஊரில் அவரை ‘சண்டை முடிஞ்சப்புறம் அடிபட்டவன்’ என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம். அதற்கு மேல் எந்த நாளும் சொன்னதில்லை. அந்த இடம் வரை வருவார், துணி தீர்ந்துவிடும், இன்னொரு துணியை எடுத்து வேறு பேச்சைத் தொடங்கிவிடுவார்.

ஆறு வாரம் முடிந்தது. அன்று நாலு மணிக்குச் சிஸ்டர் கொடுத்த சீட்டுகளில் மேலே இருந்தது ஏழாம் நம்பர். நான் படிப்பதை நடேசன் பார்த்துவிட்டார்.

“என்னக்கா, ஏழுன்னு தெரியுதே. என்ன போட்டிருக்கு?”

படிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நல்ல சமாசாரம்தானே, ஆறு வாரமாகக் காத்திருந்தது தீரப் போகிறதே என்று, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தேன்.

‘7 – நாளை காலை எடுக்க வேண்டும்.’

அச்சுப் போடுகிறவர்கள் இங்கே கை வைக்கக் கூடாது. சீட்டில் இருந்தது இப்படித்தான்.

“இன்னொரு தடவை படிங்க” என்றார். படித்தேன்.

“சிஸ்டரே எழுதினதா?”

“ஆமா தம்பி. பயப்படாதீங்க. வலியே தெரியாது. அரை மணி நேரத்துல வெட்டி எடுத்துடுவாங்க.”

அவர் கையில் இருந்த துணியை மெதுவாகச் சுருட்டி முடித்து, ஊசி குத்தி, என்னிடம் கொடுத்தார். நான் வெந்நீர் கொண்டுவரப் போனேன். அன்று அடுப்பு பற்றவே அரை மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தால் ஏழாம் நம்பர் காலியாக இருந்தது. கக்கத்தில் வைத்து நடக்கும் கட்டைகளையும் காணவில்லை.

“எங்கங்க அவரு?” என்று ஆறாம் நம்பரைக் கேட்டேன்.

“எனக்கு என்னம்மா தெரியும்? சம்சாரம் வந்திருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு. பாவம்மா, இந்த வயசுல. நாளைக்குக் கால எடுக்கப் போறாங்களாமே? நீதான் படிச்சுச் சொன்னியாமே?”

அப்போதுதான் எனக்குக் கேட்டது.

வாயால் சொல்லியிருந்தால் ‘நாளைக்குக் காலையில’ என்று சொல்லியிருப்பேன். எந்த வம்பும் இல்லை. எழுத்தைப் படித்ததால் எழுத்தில் இருந்தபடியே ‘காலை’ என்று படித்துவிட்டேன். எடுக்கப் போவது மாவுக்கட்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் வேறு எதுவும் என் காதில் விழவில்லை. போதாததற்கு வெட்டி எடுத்துடுவாங்க என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

யாரிடமும் சொல்லாமல் வாசலுக்கு ஓடினேன். அப்போது என் வேலை நிரந்தரமாகவில்லை. டூட்டி நேரத்தில் கேட்டைத் தாண்டினால் அன்றோடு சரி. அது நினைவுக்கு வந்தது, ஆனால் கால்கள் நிற்கவில்லை. வாசலில் காசிம் பாய் ஜட்காவோடு நின்றிருந்தார். என் வீட்டுக்காரரோடு ஒரே ஸ்டாண்டில் வண்டி ஓட்டியவர்.

“பாய், கட்டுப் போட்ட கால், ரெண்டு கட்டை, காக்கி நிஜார். பாத்தீங்களா?”

“பாத்தீங்களாவா? லால்குடி பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு இப்பத்தான் வர்றேன்.”

“திரும்ப அங்க விடுங்க.”

“யா அல்லா, டூட்டி சேலையோடயா தங்கச்சி?”

“விடுங்க பாய்!”

அவரிடம் அதுவரை நான் முழுசாக ஒரு வாக்கியம் பேசியதில்லை.

பஸ் புறப்படும் நிலையில் இருந்தது. உள்ளே கூட்டம். டிரைவருக்குப் பின் சீட்டில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு நடேசன் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. நான் படியில் ஏறி, இருந்த இடத்திலிருந்தே கத்தினேன்:

“தம்பி, காலை இல்ல! காலைல! காலைல!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நடேசனும் பார்த்தார். “போயிடுங்கக்கா. நான் வரமாட்டேன்.”

“நான் தப்பாப் படிச்சிட்டேன். மாவுக்கட்டத்தான் எடுக்கப் போறாங்க. நாளைக்குக் காலைல.”

“படிச்சதே நீங்கதானே. இப்ப மாத்திச் சொன்னா?”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. இடுப்பிலிருந்து சீட்டை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினேன். “அண்ணே, நீங்களே படிச்சுச் சொல்லுங்க இவருக்கு.”

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். “நாளை காலை எடுக்க வேண்டும். ஆமா, காலை எடுக்கணும்னுதானேம்மா போட்டிருக்கு?”

“பாத்தீங்களா?” என்றார் நடேசன்.

பக்கத்தில் குடையோடு இருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். “காலைப் பொழுதுன்னும் வச்சுக்கலாம்யா. காலையில்னு ‘இல்’ போட்டிருக்கணும். எழுதினவங்க விட்டுட்டாங்க.” பின்னால் இருந்த ஒரு அம்மாள், “எங்க ஓரகத்திக்கும் இப்படித்தான் வெரலுன்னு சொல்லிக் கையையே எடுத்தாங்க” என்றார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சீட்டு மூன்று கை மாறியது. “சண்டையே வேணாம், எழுதினவங்களையே போய்க் கேளுங்க” என்றார் குடைக்காரர்.

“எழுதினவங்க கையிலதாங்க கத்தி இருக்கு” என்றார் நடேசன்.

எல்லாரும் சிரித்தார்கள். கண்டக்டர் சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “எறங்குறதுன்னா எறங்கும்மா. நேரமாச்சு.”

“நான் எறங்கல” என்றேன். விசில் அடித்தது.

பஸ் போய்க்கொண்டே இருந்தது. நான் அவர் பக்கத்தில், நீட்டிய காலில் யாரும் இடிக்காமல் இருக்க, கீழே உட்கார்ந்துகொண்டேன். எனக்குத் தெரிந்த முறையெல்லாம் சொன்னேன். காலை எடுப்பதென்றால் முந்தின நாளே முடி மழிப்பார்கள். மத்தியானத்திலிருந்து சோறு கொடுக்க மாட்டார்கள். கையெழுத்து வாங்குவார்கள். “உங்ககிட்ட யாராவது கையெழுத்து கேட்டாங்களா தம்பி?”

“மாரிமுத்து கிட்டயும்தான் கேக்கல” என்றார். மாரிமுத்து அவரோடு பட்டாளத்தில் இருந்தவராம். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். “காச்சல்ல கெடந்தான். கட்டை விரலப் புடிச்சு மையில வச்சு அவங்களே ஒத்திக்கிட்டாங்க. சாயங்காலம் வந்து நாளைக்கு எடுக்கணும்னாங்க. விடிஞ்சதும் எடுத்தாங்க. அன்னிக்கு மத்தியானம் அவன் இல்ல. நான் பக்கத்துக் கட்டில்லதான் இருந்தேன்.”

காவேரிப் பாலம் வந்துவிட்டது. அழுகை வந்தது. சீட்டைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தேன்.

அதைப் பார்த்துவிட்டு, “படிச்சப்போ நீங்க என்ன நெனச்சீங்க?” என்று கேட்டார்.

“மாவுக்கட்டத்தான் நெனச்சேன். எனக்குத் தெரிஞ்சது உங்களுக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன்.”

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாலம் முடிந்தது. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“நிறுத்தி ரெண்டாம் நாளு, ஹவில்தார் வந்து இந்தியில ஒண்ணு சொன்னான். ராஸ்தா ஸாஃப் கர்னா ஹைன்னு. பாதையச் சுத்தம் பண்ணணும்னு அர்த்தம். வெடி பொதைச்சிருக்கு, எடுத்தாத்தான் போகலாம்னு. எங்களுக்குத் தண்ணித் தாகம். வாய்க்கா அந்தப் பக்கம். என் காதுல ராஸ்தா ஸாஃப் ஹைன்னுதான் விழுந்துச்சு. பாதை சுத்தமா இருக்குன்னு. மாரிக்கு இந்தி வராது. என்னடா சொல்றான்னு கேட்டான். ‘சுத்தமாயிருச்சாம், வா போவோம்’னேன். அவன் முன்னாடி போனான்.”

அந்த ஆறு வாரமும் அவர் துணி தீர்ந்துவிட்டதென்று நிறுத்திய இடம் அதுதான் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

“நீங்க பஸ்ஸுல ஏறி நின்னீங்கல்ல, அந்த மூஞ்சியப் பாத்தேன்” என்றார். “அந்த மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. பொய் சொல்றவங்களுக்கு அப்படி இருக்காது.”

பஸ் மாம்பழச்சாலையில் நின்றது. அவரே கட்டைகளை எடுத்தார். குடைக்காரரும் கண்டக்டரும் ஆளுக்கு ஒரு கை கொடுத்து இறக்கிவிட்டார்கள். “என்னம்மா, காலைன்னு முடிவாச்சா, காலுன்னு முடிவாச்சா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டது காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை.

அங்கே வண்டி பிடித்துத் திரும்பி வந்தபோது பார்வையாளர் நேரம் முடிந்து வார்டு அமைதியாக இருந்தது. ஏலியம்மா சிஸ்டர் ஏழாம் நம்பர் கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தார். கடிகாரத்தை நிமிர்த்தப் போகிறார் என்று நினைத்தேன். நடந்ததை நான்தான் சொன்னேன். சொல்லும்போது நம்பரைக்கூடப் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் கையை நீட்டினார். கசங்கிய சீட்டைக் கொடுத்தேன். நீவிவிட்டுப் படித்தார். உதடு அசைந்தது. ஒரு தரம் வேகமாக, ஒரு தரம் மெதுவாக. இரண்டாவது தரம் அவர் முகம் மாறியது.

கடிகாரத்தைத் தொடவில்லை. பேனாவை எடுத்தார். ‘காலை’க்குப் பக்கத்தில் ‘8 மணிக்கு’ என்றும், அடுத்து ‘மாவுக்கட்டை’ என்றும் எழுதினார். எழுதிய சீட்டை நடேசன் கையில் கொடுத்தார். நோயாளியின் கையில் அவர் சீட்டுக் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“தப்பு என்டே. ரெங்கம்மா கேட்டைத் தாண்டல. நான்தான் அனுப்பினேன்” என்றார். ஆபீசிலும் அப்படியே சொன்னார். அதன் பிறகு அவர் சீட்டுகள் நீளமாகிவிட்டன.

நடேசன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கட்டைப் பிரிக்கும்போது அந்தக் காலை நான்தான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வெட்கம் பிடுங்கியது. சரி என்றேன்.

மறுநாள் எட்டு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். மாவுக்கட்டை வெட்டுகிற கத்தரி தோட்டத்துக் கத்தரி மாதிரி இருக்கும், மூக்கு மட்டும் தட்டை. அந்த மூக்கை உள்ளே விட்டு, தோலில் படாமல், கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டே போவார். கொஞ்சம் சாய்ந்தாலும் தோல் கிழியும். ஓரத்தில் ஒரு கோடு, மறு ஓரத்தில் ஒரு கோடு. பிறகு இரண்டு பாதியையும் சிப்பியைப் பிரிப்பதுபோல விரிக்க வேண்டும். நான் குதிகாலை உள்ளங்கையில் தாங்கி, பெருவிரலை மற்றக் கையால் பிடித்திருந்தேன். பிரித்ததும் நாற்றம் வந்தது. வார்டே மூக்கைப் பொத்தியது. கால் குச்சியாக, வெள்ளையாக, செதில் செதிலாக இருந்தது. நடேசன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

டாக்டர் குனிந்து பார்த்தார். புண்ணைக் கழுவினார். இடுக்கியால் கிளறி, அரிசி அளவு எலும்புச் சில்லு ஒன்றை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். அது ‘டிங்’ என்றது. எலும்பை மேலிருந்து கீழாக அழுத்தினார். பாதத்தை வளைத்தார், விரலை ஒவ்வொன்றாகக் கிள்ளினார். மறுபடி கழுவினார். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. வார்டில் ஒரு சத்தம் இல்லை. நடேசன் கையில் அன்றைக்குத் துணியும் இல்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஆண்பிள்ளை என் கையைப் பிடிக்கிறார் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் சிஸ்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சிஸ்டருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பேனா, சீட்டு எல்லாம் மறந்து போய்விட்டது. குனிந்து, வாயாலேயே சொன்னார்:

“நடேசா, கால் எடுக்கண்டா!”

என் மணிக்கட்டு ஒடிந்துவிடும்போல இறுகியது. “எடுக்கணும்டாங்கறாங்கக்கா” என்றார் நடேசன். “டா போட்டுச் சொல்றாங்க பாருங்க.”

சிஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. காதில் விழவில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாக, சிரித்துக்கொண்டே, “எடுக்கண்டா! எடுக்கண்டா!” என்றார்.

“தம்பி, இங்க பாருங்க” என்றேன். நம்பரைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தேன். “எடுக்க வேண்டாம்கிறாங்க. அவங்க பேச்சுல வேண்டாம்கிறதுதான் அது. தொடண்டாம்பாங்க, போகண்டாம்பாங்க. அஞ்சு வருஷமா நான் கேக்குறேன்.”

“நல்லாத் தெரியுமா?”

“தெரியும்.”

“நேத்தும் தெரியும்னுதானேக்கா படிச்சீங்க?”

நியாயமான கேள்வி. சொல்லப் போவதை முதலில் மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன்.

“இது உங்க கால் தம்பி. உங்ககிட்டயேதான் இருக்கப் போவுது. யாரும் இத வெட்ட மாட்டாங்க.”

சொல்லி முடித்த பிறகும், அதில் வேறு அர்த்தம் வர இடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிப் பார்த்தேன். இல்லை. அவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார் என்பது அவர் கண்ணில் தெரிந்தது. எல்லா வார்த்தையையும் பார்த்து முடித்த பிறகுதான் என் கையை விட்டார்.